தொட்டியிலிருந்து தொடங்குங்கள்: மாறும் பருவநிலையில் மலேரியா கண்காணிப்புத் திட்டம் போடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட்டார சுகாதார அலுவலகத்திலோ மாநகராட்சி மண்டலத்திலோ புதிதாகச் சேர்ந்து, "இனி மலேரியாவை நீங்கள் பாருங்கள்" என்று ஒரு கோப்பைக் கையில் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களுக்கும் உதவும். மருந்தளவு, சிகிச்சை விவரங்கள் இதில் இல்லை. அவற்றுக்கு அரசின் சிகிச்சை நெறிமுறை இருக்கிறது. அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டின் நிலை முதலில். ஒரு காலத்தில் மாநிலத்தின் மலேரியாவில் பெரும்பங்கு சென்னையிலிருந்தே வந்தது. இன்று எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2027-க்குள் உள்ளூர்த் தொற்றே இல்லை என்ற நிலையை எட்டி, 2030-க்குள் மலேரியாவை நீக்குவது இந்தியாவின் இலக்கு. ஆகவே நீங்கள் போடப்போகும் திட்டம் பெருந்தீயை அணைக்கும் திட்டமன்று. மிச்சமிருக்கும் சில தொற்றுகளைத் தேடிப்பிடிப்பதும், போனது திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் 'பருவநிலை மாற்றம்' என்று ஓர் அத்தியாயம் கேட்கிறார்கள். பலரும் வெப்பநிலை ஏறும் வரைபடம் ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் நம் சமவெளி ஊர்களில் வெப்பம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. வானிலை இங்கே மலேரியாவாக மாறுவது தண்ணீர் வழியாக. மழை பெய்தால் என்ன தேங்குகிறது, பெய்யாவிட்டால் மக்கள் எதில் சேமிக்கிறார்கள் என்பதே கேள்வி. இந்தக் கட்டுரை அந்த வழியில்தான் போகும்.

முதல் வேலை: உங்கள் ஊர்க் கொசு எது?

மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் கொசு. அதில் எந்த இனம் என்பதைப் பொறுத்தே உங்கள் திட்டத்தின் பாதி முடிவாகிவிடும்.

நகரங்களில் அனாபிலஸ் ஸ்டெபன்சி. மேல்நிலைத் தொட்டி, தரையடிச் சம்ப், கிணறு, கட்டடம் கட்டுமிடத்தில் கான்கிரீட் காய்வதற்காகத் தேக்கும் தண்ணீர், லிப்ட் குழி என்று சுத்தமான நீரைத் தேடும் இனம். சாக்கடையைத் தூர்வாரி இதை ஒழிக்க முடியாது. சாக்கடையில் இருப்பது பெரும்பாலும் க்யூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு.

கிராமங்களில் அனாபிலஸ் க்யூலிசிஃபேசிஸ். ஆற்றுப்படுகையில் நீரோட்டம் நின்றபின் மணலில் தங்கும் குட்டைகள், வாய்க்கால் ஓரங்கள், தோட்டக் குழிகள் இதற்குப் பிடித்தவை. தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் மலேரியா இப்படி ஆற்றோடு ஒட்டி இருந்திருக்கிறது. இந்த இனத்துக்குள்ளேயே பார்வைக்குப் பிரித்தறிய முடியாத உடன்பிறப்பு இனங்கள் உண்டு. அவற்றில் 'இ' (E) என்று அழைக்கப்படுவது நோயைப் பரப்புவதில் கெட்டிக்காரி. ராமேஸ்வரம் தீவிலும் இலங்கையிலும் இருப்பது அதுதான். மலையோரச் சிற்றோடைகளில் அனாபிலஸ் ஃப்ளூவியடிலிஸ்.

புழுவை அடையாளம் காண்பது கடினமில்லை. அனாபிலஸ் புழு நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்த மாதிரி மிதக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், க்யூலெக்ஸ் ஆகியவற்றின் புழுக்கள் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். அவற்றுக்கு வாலருகே மூச்சுக்குழல் உண்டு, அனாபிலசுக்கு இல்லை. முதிர்ந்த அனாபிலஸ் சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். இனம் வரை பிரித்தறிய நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற பூச்சியியல் வல்லுநரும் வேண்டும். ஓசூரில் உள்ள மாநில நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு நிறுவனமும் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமும் இதற்கென்றே இருக்கின்றன. மாதிரியைப் புட்டியில் போட்டு அனுப்பும்போது இடம், தேதி, எந்தவகை நீர் என்று எழுதிய சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். சீட்டில்லாத புட்டியால் யாருக்கும் பயனில்லை.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். டெங்கு வந்தபிறகு நம் வீடுதோறும் ஆய்வு முழுக்க டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு என்றாகிவிட்டது. தரையில் நின்றபடி பார்க்கக்கூடியதைப் பார்க்கிறோம், மாடிக்கு ஏறுவதில்லை. ஸ்டெபன்சி இருப்பதோ மாடியில். எனவே திட்டத்தில் முதல் செலவினமாக இலகுவான அலுமினிய ஏணிகளை எழுதுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

வெப்பநிலைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. ஒட்டுண்ணி அதன் உடலுக்குள் வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்துசேர நாள் பிடிக்கும். அந்த நாட்கள் வெப்பநிலையைப் பொறுத்தவை. பழைய, எளிய கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மலேரியா ஒட்டுண்ணியில் நமக்கு முக்கியமானவை ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்ற இரு வகைகள். ஃபால்சிபாரத்துக்குச் சராசரி வெப்பநிலையிலிருந்து (செல்சியஸ் பாகையில்) 16-ஐக் கழித்து, வரும் எண்ணால் 111-ஐ வகுக்க வேண்டும். வைவாக்சுக்கு 14.5-ஐக் கழித்து 105-ஐ வகுக்க வேண்டும்.

20 பாகையில் ஃபால்சிபாரத்துக்கு ஏறத்தாழ 28 நாள். பெரும்பாலான கொசுக்கள் அத்தனை நாள் உயிரோடு இருப்பதில்லை. 22 பாகையில் 18 நாளாகக் குறைகிறது. 25-இல் 12 நாள், 28-இல் 9 நாள், 30-இல் 8 நாள். இப்போது கவனியுங்கள். 20-லிருந்து 22-க்கு ஏறும்போது 9 நாள் மிச்சமாகிறது. 28-லிருந்து 30-க்கு ஏறும்போது ஒன்றரை நாள்கூட மிச்சமாவதில்லை. மேலும் வெப்பம் 30-களின் நடுவைத் தாண்டும்போது கொசுவே சீக்கிரம் செத்துப்போகிறது. பரவலுக்கு மிக ஏற்ற வெப்பம் 25 பாகையை ஒட்டியது என்று 2013-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதுவரை அதைவிடப் பல பாகை மேலே என்று நினைத்திருந்தார்கள்.

அப்படியானால் சென்னைக்கும் மதுரைக்கும் வெப்பமேற்றத்தால் புதிதாக வந்துவிடுவது அதிகமில்லை. அங்கே பரவலுக்குப் போதுமான வெப்பம் ஆண்டு முழுவதும் ஏற்கெனவே இருக்கிறது. கவலை மலைச்சரிவுகளில்தான். உதகையிலும் கொடைக்கானலிலும் சராசரி 20-ஐ எட்டுவதில்லை. ஆனால் அவற்றுக்குக் கீழே, 600 மீட்டருக்கும் 1,300 மீட்டருக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் ஒவ்வொரு பாகையும் கணக்கை மாற்றும். எத்தியோப்பியாவிலும் கொலம்பியாவிலும் வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மலேரியா மலையின் மேல்நோக்கி ஏறியதை 2014-இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். உங்கள் வட்டாரத்தில் மலை ஊர்கள் இருந்தால், மாதச் சராசரி 18-க்கு மேல் இருக்கும் மாதங்கள் எத்தனை என்று கடந்த 20 ஆண்டுத் தரவில் எண்ணிப் பாருங்கள். அந்த மாதங்கள் கூடிவருகின்றன என்றால் அதுவே உங்கள் பருவநிலை அத்தியாயம். சமவெளி என்றால் இந்தப் பகுதிக்கு அரைப் பக்கம் போதும்.

வானிலை ஆய்வு மையம் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளப்பது திறந்தவெளிக் காற்றை. கொசு பகலில் ஒதுங்கும் மாட்டுத்தொழுவமும் இருட்டான படிக்கட்டு அடியும் அதைவிடக் குளிர்ச்சி. சித்திரை வெயிலில் 40 பாகை அடிக்கிறது, கொசு எப்படிப் பிழைக்கும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

தண்ணீர் நாட்காட்டி

திட்டத்தின் முதுகெலும்பு இதுதான். ஒரு பெரிய தாளில் 12 மாதங்களையும் போட்டு, ஒவ்வொரு மாதத்துக்கும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: சராசரி மழை, குடிநீர் விநியோக இடைவெளி, ஆறு அல்லது அணையின் நிலை, கட்டுமானப் பணிகள்.

மழை மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு 1934-ஐவிடச் சிறந்த சான்று இல்லை. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகப் புரண்டோடும் களனி, மகா ஓயா, தெதுரு ஓயா ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. க்யூலிசிஃபேசிஸ் கொசு அந்தக் குட்டைகளில் பெருகியது. வறண்ட வலயத்து மக்களுக்கு மலேரியா பழகிய நோய், ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஈரவலயத்தாருக்கு அது இல்லை. கேகாலை, குருநாகல் பகுதிகள் கடுமையாக அடிபட்டன. 1934 கடைசியில் தொடங்கி 1935-இல் ஓய்ந்த அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மழை இல்லாததால் வந்த மலேரியா அது.

வெள்ளத்தால் வருவதும் உண்டு. பாகிஸ்தானில் 2022 வெள்ளத்துக்குப் பிறகு, முந்தைய ஆண்டில் 5 லட்சம் அளவில் இருந்த மலேரியா 26 லட்சத்துக்கு எகிறியது. வெள்ளம் வந்த வாரமே நோய் வருவதில்லை. பாய்ந்துவரும் நீர் இருக்கிற புழுக்களையும் அடித்துக்கொண்டு போய்விடும். நீர் வடிந்து, அங்கங்கே தங்கியபின் வரும் வாரங்களே ஆபத்தானவை. அந்த வாரங்களில் நம் ஆட்கள் எல்லோரும் நிவாரண முகாமில் குளோரின் மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நகரத்தில் வறட்சி வேறு உருவில் வேலை செய்யும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. சென்னையில் லாரித் தண்ணீர் வரும் நாள் பார்த்துப் பிளாஸ்டிக் டிரம், சின்டெக்ஸ், புதிதாகக் கட்டிய சம்ப் என்று கிடைத்ததிலெல்லாம் மக்கள் நீரைப் பிடித்து வைத்தார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. நாமும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் மூடியில்லாத ஒவ்வொரு பாத்திரத்திலும் முட்டை புழுவாகிக் கொசுவாக 8 முதல் 10 நாள் போதும்.

இதனால்தான் குடிநீர் விநியோக இடைவெளியை நாட்காட்டியில் சேர்க்கச் சொல்கிறேன். குடிநீர் வாரியமோ நகராட்சியோ தினசரி விநியோகத்தை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கும் தேதி உங்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. எந்தச் செயற்கைக்கோளும் அதைத் தராது. வாரியத்துப் பொறியாளரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை பேசுங்கள். அணை நீர் திறப்புக்கும் அடைப்புக்கும் நீர்வளத்துறையிடம் இதேபோல்.

முன்னறிவிப்புகளையும் ஒதுக்கிவிட வேண்டாம். தென்மேற்குப் பருவத்துக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலில் முன்னறிவிப்பு தந்து மே கடைசியில் திருத்துகிறது. அக்டோபர்–டிசம்பர் மழைக்கான அறிவிப்பு செப்டம்பர் முடியும்போது வரும். தமிழ்நாட்டின் கடலோரத்துக்கு அதுவே முக்கியம். ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் பருவகால மழை முன்னறிவிப்பைக் கொண்டு மலேரியா மிகும் ஆண்டுகளைச் சில மாதம் முன்பே சொல்ல முடியும் என்று 2006-இல் காட்டினார்கள். அங்கே மழைக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு. தொட்டிக் கொசு ஆளும் நம் நகரங்களில் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். பஞ்சாபில் 1908 இலையுதிர்காலத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற கொள்ளைநோய்க்குப் பின், கில் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு முன்னறிவிப்பு முறையை வகுத்தார். மழையளவோடு, மலேரியாவால் குழந்தைகளுக்கு வரும் மண்ணீரல் வீக்கத்தையும் தானிய விலையையும் அவர் சேர்த்துப் பார்த்தார். பட்டினி கிடந்த ஆண்டில் அதே மழை அதிகம் பேரைக் கொல்லும் என்பது நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது.

பரிசோதனை: பூஜ்ஜியம் என்றால் என்ன?

உங்கள் முன்னோடி விட்டுச்சென்ற பதிவேட்டில் பல வார்டுகளுக்கு நேராகப் பூஜ்ஜியம் இருக்கும். ஒவ்வொரு பூஜ்ஜியத்துக்கும் பக்கத்தில் 'எத்தனை பேருக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள்' என்ற எண்ணை எழுதுங்கள். 900 பேரைச் சோதித்துக் கிடைத்த பூஜ்ஜியமும் 12 பேரைச் சோதித்துக் கிடைத்த பூஜ்ஜியமும் ஒன்றாகா.

மூன்று அளவைகள் தெரிந்தால் போதும். ஆண்டில் மக்கள்தொகையில் நூற்றுக்கு எத்தனை பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது என்பது ஒன்று, 10 என்பது நெடுநாள் இலக்கு. சோதித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்பது இரண்டாவது. ஆயிரம் பேருக்கு ஆண்டில் எத்தனை தொற்று என்பது மூன்றாவது, மாநிலங்களையும் மாவட்டங்களையும் வகைப்படுத்த அதுவே பயன்படுகிறது. மாவட்ட அளவில் உதவும் அந்த மூன்றாவது எண் வார்டுக்கு வந்தால் ஏமாற்றும். 40,000 பேர் வாழும் வார்டில் இரண்டு தொற்று என்றால் விகிதம் 0.05. காகிதத்தில் ஒன்றுமே இல்லை போலத் தெரியும். அந்த இரண்டும் ஒரே தெருவில், ஒரே மாதத்தில், வெளியூரே போகாதவர்களுக்கு வந்திருந்தால் அது நெருக்கடி. எண்ணிக்கை குறைந்த இடங்களில் விகிதத்தை மறந்துவிட்டு ஆட்களை எண்ணுங்கள்.

பத்து சதவீத இலக்கை எட்டுவதற்காக எளிதில் கிடைப்பவர்களிடமெல்லாம் விரலைக் குத்தி ஸ்லைடு (கண்ணாடித் தகட்டில் இரத்தத் தடவல்) எடுக்கும் பழக்கம் உண்டு. அதில் பயனில்லை. காய்ச்சல் வந்தவரைச் சோதியுங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர், வெளிமாநிலத் துறைமுகங்களில் தங்கி மீன்பிடித்துத் திரும்பியவர், காட்டோர வேலைக்குப் போனவர் ஆகியோரை முதலில் தேடுங்கள். முகாமுக்குப் போகும்போது அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை உடன் கூட்டிச் செல்லுங்கள். மேஸ்திரியை வைத்து மிரட்டி இரத்தம் எடுத்தால் அடுத்த முறை ஆள் இருக்கமாட்டார்கள். ஒன்றை மனத்தில் வையுங்கள்: தொற்றோடு வந்தவரால் மட்டும் நம் தெருவில் மலேரியா பரவாது. திறந்த தொட்டி நம்முடையது.

தனியார் ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் கண்ட தொற்று உங்களுக்கு வந்துசேர்கிறதா என்று பாருங்கள். மலேரியா அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆனாலும் நேரில் போய் ஒருமுறை பேசிவிட்டு வந்த ஆய்வகத்திலிருந்துதான் தகவல் ஒழுங்காக வரும் என்பது என் துணிபு.

விரைவுப் பரிசோதனைப் பட்டை 20 நிமிடத்தில் விடை தரும், ஆனால் சிலவகைப் பட்டைகள் ஃபால்சிபாரம் குணமான பிறகும் வாரக்கணக்கில் கோடு காட்டும். குணமானதை உறுதிசெய்ய ஸ்லைடே வேண்டும். தடித்த தடவலில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்றும், மெல்லிய தடவலில் எந்த வகை என்றும் பார்ப்பார்கள்.

ஒரு தொற்று வந்துவிட்டது, என்ன செய்வது?

சீனா தன் நாட்டில் மலேரியாவை ஒழிக்கக் கைக்கொண்ட 1-3-7 என்ற முறை எளிது. முதல் நாளுக்குள் தகவல், மூன்று நாளுக்குள் விசாரணை, ஏழு நாளுக்குள் அந்த இடத்தில் நடவடிக்கை. 2021-இல் அந்நாடு மலேரியா அற்றதாகச் சான்று பெற்றது. நம் ஊர் வேலைப்பளுவிலும் இது முடியும், எண்ணிக்கை குறைவு என்பதால்.

விசாரணையில் கேட்க வேண்டியது: கடந்த ஒரு மாதத்தில் இரவு எங்கெல்லாம் தங்கினீர்கள்? முன்பு எப்போதாவது மலேரியா வந்ததா, அப்போது மாத்திரையை முழுக்கச் சாப்பிட்டீர்களா? இரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா? விடைகளைக் கொண்டு தொற்றை வகைப்படுத்துங்கள். வெளியிலிருந்து வந்தது, வெளியிலிருந்து வந்தவரிடமிருந்து இங்கே ஒருவருக்குத் தொற்றியது, உள்ளூரிலேயே சுற்றிக்கொண்டிருப்பது, பழைய வைவாக்ஸ் மீண்டும் தலைதூக்கியது, இரத்தம் ஏற்றியதால் வந்தது என்று ஐந்தாறு வகை. இதைச் சரியாகச் செய்யாமல் பருவநிலை பற்றிப் பேசவே முடியாது. ஏனென்றால் வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கிக் கிடந்து வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து எழும். உறங்கும் அந்த ஒட்டுண்ணியை அழிக்கும் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரையை நாலாம் நாளே நிறுத்தியவருக்குக் கோடையில் மீண்டும் காய்ச்சல் வந்தால், நீங்கள் அதைக் கோடையில் பரவிய தொற்றாக எண்ணி வரைபடம் போட்டுவிடுவீர்கள். மாத்திரை முடிகிறதா என்று கள உதவியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் கண்காணிப்பின் பகுதியே. அதற்குமுன் அந்த மாத்திரை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதை மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். கர்ப்பிணிகளும், ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களும் அதில் அடக்கம்.

இப்போது நாட்களை எண்ணிப் பார்க்கலாம். தொட்டியில் முட்டையிலிருந்து கொசு வர 8–10 நாள். அது தொற்றுள்ளவரைக் கடிக்க இரண்டு மூன்று நாள். 28 பாகையில் ஒட்டுண்ணி வளர 8–9 நாள். அடுத்தவரைக் கடித்தபின் காய்ச்சல் வர ஏறத்தாழ இரண்டு வாரம். அவர் மருந்துக்கடை, தனியார் மருத்துவர் எல்லாம் போய்விட்டு இரத்தப் பரிசோதனைக்கு வர மூன்று நான்கு நாள். மொத்தம் 35 முதல் 40 நாள். இன்று நுண்ணோக்கியில் தெரியும் தொற்று, ஒரு மாதத்துக்கு மேல் முன்பே திறந்து கிடந்த ஒரு தொட்டியைப் பற்றியது. அதனால் நோயாளி எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் செயல்பட்டால் எப்போதும் ஒரு சுற்றுப் பின்தங்கியே இருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கான தொட்டி வேலை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் முடிய வேண்டும், அக்டோபரில் தொடங்கக் கூடாது.

கொசுத் தரவு

வார்டுக்குச் சில நிலையான இடங்களையும் ஒவ்வொரு முறையும் மாறும் சில இடங்களையும் தேர்ந்தெடுங்கள். நிலையானவை காலப்போக்கைக் காட்டும், மாறுபவை நீங்கள் பார்க்காமல் விட்டதைக் காட்டும். நூறு தொட்டி பார்த்தால் எத்தனையில் அனாபிலஸ் புழு, கிணற்றில் ஒரு கரண்டி நீருக்கு எத்தனை புழு, அதிகாலையில் மாட்டுத்தொழுவத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் தேடினால் எத்தனை முதிர்கொசு என்று மூன்றே எண்கள். பதினைந்து நாளுக்கொருமுறை, ஆண்டு முழுவதும். கோடையில் நிறுத்திவிட்டு மழைக்குத் தொடங்கும் தரவு எதற்கும் உதவாது, ஒப்பிட எதுவும் இருக்காது.

எச்சரிக்கைக் கோடு எங்கே போடுவது? தொற்று நிறைய உள்ள மாவட்டங்களில் கடந்த ஐந்து ஆண்டில் அதே மாதத்து எண்களை எடுத்து, அவற்றின் மேற்கால் மதிப்பைத் (ஏறுவரிசையில் அடுக்கினால் முக்கால் பங்கு எண்கள் எதற்குக் கீழே வருமோ, அது) தாண்டினால் எச்சரிக்கை என்று வைப்பார்கள். நமக்கு அது பொருந்தாது. ஒரே ஒரு உள்ளூர்த் தொற்று வந்தாலே எச்சரிக்கை. வெளியிலிருந்து வந்த தொற்றும், அந்த வீட்டைச் சுற்றிப் புழுவுள்ள தொட்டியும் ஒரே நேரத்தில் இருந்தாலும் எச்சரிக்கை.

கட்டுப்பாடு: எதற்குப் பணம், எதற்கு வேண்டாம்

பணத்தில் பெரும்பங்கு மூடிகளுக்குப் போகட்டும். மேல்நிலைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி, மேல்வழிவுக் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் வலை. மூடி இருந்தும் குழாய் வாயில் வலையில்லாமல் கொசு போய்வரும் தொட்டிகள் ஏராளம். 2003-இல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு அமைப்புகளில் பராமரிப்பின்றி நீர் தேங்கி நிற்பவற்றையும் பட்டியலில் சேருங்கள். வீட்டுக்காரர் கேட்கவில்லை என்றால் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு உற்பத்திக்கு இடம் தருபவர்மீது நடவடிக்கை எடுக்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. அரசுக் கட்டடங்களின் மாடியை முதலில் சரிசெய்துவிட்டு நோட்டீஸ் அனுப்பத் தொடங்குங்கள். அந்த வரிசை மாறினால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

மூட முடியாத கிணற்றுக்கு மீன். கம்பூசியா புழுவை நன்றாகத் தின்னும், ஆனால் உலகின் மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலிலும் இருக்கிறது. வேறு நீர்நிலையோடு சேராத கிணறு, கைவிட்ட தொட்டி தவிர வேறெங்கும் விடாதீர்கள். ஏரியிலும் குளத்திலும் விட்டால் உள்ளூர் மீன்களுக்கு ஆபத்து. அபேட் போன்ற புழுக்கொல்லியை நெறிமுறையில் உள்ள அளவில், வாரம் தவறாமல். ஒரு வாரம் தவறினாலும் அந்தச் சுற்று வீண்.

கிராமத்தில் ஆற்றுக்குட்டை என்றால், நீர் திறப்பு நின்றபின் இரண்டு வாரத்துக்குள் படுகை நெடுக நடந்து பாருங்கள். தொற்று கண்ட ஊரில் வீட்டுச் சுவருக்குள் மருந்தடிப்பதும் மருந்தூட்டிய வலையும் பயன்படும். எந்த மருந்து என்பதைக் கொசுவின் எதிர்ப்புத்திறனைச் சோதித்த பிறகே முடிவுசெய்ய வேண்டும். ஸ்டெபன்சி பல மருந்துகளுக்குப் பழகிவிட்ட இனம்.

புகையடிப்பைப் பற்றி என்ன சொல்ல? கவுன்சிலர் கேட்பார், தொலைக்காட்சியில் அழகாக இருக்கும், அந்த நேரத்தில் பறந்துகொண்டிருந்த கொசுக்களில் சில சாகும். மாடித் தொட்டிப் புழுவுக்கு அது தெரியவே தெரியாது. கொத்தாகத் தொற்று வந்த தெருவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பருவநிலைமேல் போடாதீர்கள்

கென்யாவின் கெரிச்சோ மலைத் தேயிலைத் தோட்டங்களில் 1980-களிலிருந்து மலேரியா ஏறியபோது, வெப்பமேற்றமே காரணம் என்று ஒரு தரப்பும், குளோரோகுயின் என்ற மலேரியா மருந்துக்கு ஒட்டுண்ணி பழகிவிட்டதே காரணம் என்று இன்னொரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வாதாடின. இரண்டுக்கும் பங்கு இருந்திருக்கக்கூடும். இந்தியாவில் 1965-இல் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியிருந்த மலேரியா 1976-இல் 64 லட்சமாயிற்று. இலங்கையில் 1963-இல் வெறும் 17 தொற்று, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 5 லட்சத்துக்கு மேல். இந்த ஏற்றங்களில் முதல் பழி கண்காணிப்பு தளர்ந்ததன்மேல்தான் விழுகிறது. உங்கள் வட்டாரத்தில் எண்ணிக்கை கூடினால் முதலில் காலிப் பணியிடங்களை எண்ணுங்கள். ஆய்வக நுட்புநர் எத்தனை மாதமாக இல்லை, பரிசோதனைப் பட்டை எப்போது தீர்ந்தது, தொட்டிப் பணியாளர்களை எந்த வேலைக்கு மாற்றினார்கள் என்று பார்த்துவிட்டு வானத்தைப் பாருங்கள்.

இலங்கை இரண்டாம் முறை விடவில்லை. 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர்த் தொற்று, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று. அதே காலத்தில்தான் மன்னாரில் அதுவரை அந்த நாட்டில் இல்லாத ஸ்டெபன்சி கண்டுபிடிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இதே கொசு 2012-இல் கண்டறியப்பட்டபோது அங்கே ஆண்டுக்கு 27 தொற்று, 2020-இல் 70,000-க்கு மேல். இலங்கையின் வடக்கு மாகாணத்தில் இதைப் படிக்கும் சுகாதாரப் பரிசோதகர்கள் தங்கள் ஊர்க் கிணறுகளையும் சீமெந்துத் தொட்டிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். காய்ச்சலோடு வருபவரிடம் 'அண்மையில் இந்தியாவோ ஆப்பிரிக்காவோ போய்வந்தீர்களா' என்று கேட்கும் வழக்கம் மருத்துவமனைகளில் மறையாமலிருக்க வேண்டும்.

முதல் மாதத்தில் செய்து முடிக்க வேண்டியவை

ஐந்து ஆண்டுத் தொற்றுகளை வரைபடத்தில் புள்ளியிட்டு, வகை வாரியாக நிறம் கொடுங்கள். சோதனை எண்ணிக்கை மிகக் குறைந்த வார்டுகளைத் தனியாகக் குறியுங்கள். தண்ணீர் நாட்காட்டியை ஒரே பக்கத்தில் முடியுங்கள். குடிநீர் வாரியம், நீர்வளத்துறை, பெரிய தனியார் ஆய்வகங்கள், கட்டுமான நிறுவனங்கள் ஆகியவற்றில் யாரை அழைப்பது என்ற பட்டியல் வேண்டும், பெயர்கள் மாறும்போதெல்லாம் புதுப்பிக்கப்பட வேண்டும். ஏணிக்கும் மூடிக்கும் வலைக்கும் மதிப்பீடு போட்டு ஜூனுக்குள் அனுப்பிவிடுங்கள், ஒப்புதலாகி வருவதற்குள் மழை வந்துவிடக் கூடாது. பிறகு ஒருநாள் காலை, பணியாளரோடு நீங்களும் மாடி ஏறி நான்கு தொட்டிகளைத் திறந்து பாருங்கள். கைவிளக்கும் கரண்டியும் வெள்ளைத் தட்டும் எடுத்துப்போக மறக்க வேண்டாம்.